மூன்று டர்ன்டேபிளுக்கு மூன்று ஊசி: கார்ட்ரிட்ஜ் தேர்வின் கணக்கு

இசைத்தட்டுப் பிரியர்கள் சிலருடைய வீட்டில் இரண்டு மூன்று டர்ன்டேபிள்கள் வரிசையாக நிற்கும். ஒரே டர்ன்டேபிளில், ஊசியைத் தாங்கித் தட்டின் மேல் நகரும் கைகள் இரண்டைப் பொருத்தி வைத்திருப்பவர்களும் உண்டு. பார்க்கிறவர்களுக்கு இது காசு இருப்பவர்களின் கிறுக்காகத் தெரியும். பாதி அப்படித்தான். மீதிப் பாதிக்கு உறுதியான இயற்பியல் காரணம் இருக்கிறது. எல்லாத் தட்டுகளின் பள்ளமும் ஒரே அளவில் இருப்பதில்லை, எல்லாக் கைகளின் நிறையும் ஒன்றாக இருப்பதில்லை. கையின் நுனியில் இருந்து ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். எனவே எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே கார்ட்ரிட்ஜ் என்று எதுவும் கிடையாது. ஆனால் இரண்டாவது கார்ட்ரிட்ஜ் வாங்கக் கிளம்புகிறவர்களில் பலர், முதலாவதைவிட விலை கூடியதைத்தான் தேடுகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான். முதலாவதால் செய்ய முடியாத வேலையைச் செய்யும் ஒன்றைத் தேடினால், அது விலை குறைந்ததாகவே இருந்தாலும் வீட்டில் கேட்கும் இசை கூடும்.

ஊசி பள்ளத்தில் ஓடும்போது என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஸ்டீரியோ தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சாய்ந்த சுவர்கள், ஒவ்வொன்றும் 45 பாகைச் சாய்வில். மையத்தை ஒட்டிய சுவரில் இடது ஒலி, வெளிப்பக்கச் சுவரில் வலது ஒலி. பிரிட்டனில் இஎம்ஐ நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலன் ப்ளூம்லைன் 1931-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது. ஸ்டீரியோ தட்டுகள் பரவலாகக் கடைக்கு வர 1958 ஆகிவிட்டது. இந்த அமைப்பில் ஊசியின் பக்கவாட்டு அசைவு இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒலியைத் தரும். மேலும் கீழுமான அசைவு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மோனோ தட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

அசைவை மின்சாரமாக்குவது பள்ளிக்கூடத்தில் படித்த ஃபாரடே விதிதான். சுருளின் ஊடே காந்தப்புலம் மாறினால் மின்னழுத்தம் பிறக்கும். ஊசி பொருத்திய மெல்லிய குச்சியை கான்டிலீவர் என்கிறார்கள். அதன் மறுமுனையில் சின்னக் காந்தத்தை வைத்து, சுருளை அசையாமல் நிறுத்தினால் அது எம்எம் (மூவிங் மேக்னட், அசையும் காந்தம்) வகை. சுருளையே குச்சியில் சுற்றி, காந்தத்தை நிறுத்திவிட்டால் எம்சி (மூவிங் காயில், அசையும் சுருள்) வகை. நிலையான சுருளில் ஆயிரக்கணக்கில் சுற்றுகள் போடலாம் என்பதால் எம்எம் 3 முதல் 6 மில்லிவோல்ட் வரை தரும். எம்சியில் அப்படிச் சுற்றினால் எடை கூடிவிடும். அதனால் சில சுற்றுகளோடு நிறுத்திக்கொண்டு, 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட் வரை தருவதே வழக்கம்.

அசைகிற பாகம் இலேசாக இருப்பதால் பள்ளத்தின் நுண்ணிய நெளிவுகளை எளிதாகப் பின்தொடரும் என்பது எம்சி கட்சிக்காரர்களின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் நல்ல ஊசி பொருத்திய எம்எம், சாதாரண ஊசி பொருத்திய எம்சியைத் தோற்கடிப்பதும் உண்டு. ஊசி தேய்ந்தால் எம்எம்மில் நாமே கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம், எம்சியை மொத்தமாக ஆலைக்கோ பழுது பார்ப்பவருக்கோ அனுப்ப வேண்டும். காந்தமா சுருளா என்ற சண்டையில் செலவழிக்கும் நேரத்தில் பாதியை வைரத்தின் வடிவத்துக்குக் கொடுத்தால் நல்லது என்பது என் கட்சி.

காரணம் எளிய கணக்குதான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. வேகத்தில் ஊசியைக் கடக்கிறது. கடைசிப் பாட்டில், மையத்திலிருந்து 6 செ.மீ. தூரத்தில், அந்த வேகம் 21 செ.மீ. ஆகிவிடும். அப்படியானால் 15,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை விளிம்பில் 34 மைக்ரான் நீளம், உள்ளே வெறும் 14 மைக்ரான். சாதாரணக் கூம்பு ஊசியின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான். 14 மைக்ரான் நீள அலையின் குழிக்குள் 18 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை எப்படி இறங்கும்? இறங்காது, மேடு மேடாகத் தாவிப் போகும். தட்டின் கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' ஒலிகள் கரகரப்பாகக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நீள்வட்ட ஊசியில் பள்ளச் சுவரைத் தொடும் விளிம்பின் ஆரம் 8 மைக்ரான் அளவுக்குக் குறையும். அதையும் தாண்டி வந்தது ஷிபாட்டா ஊசி. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் நான்கு வழி ஒலித் தட்டுகளைக் கொண்டுவந்தது. பின் பக்க ஒலிகளுக்கான தகவலை 30,000 ஹெர்ட்ஸ் சுமப்பலையில் ஏற்றியிருந்தார்கள். மனிதக் காதுக்கே எட்டாத அந்த அதிர்வெண்ணைப் படிக்க நோரியோ ஷிபாட்டா புதிதாக ஒரு வடிவம் கண்டார். அதில் பக்க விளிம்பு கூர்மை, ஆனால் சுவரை மேலிருந்து கீழாக நீளக் கோடாகத் தொடும். நான்கு வழித் தட்டு சந்தையில் தோற்றது, ஊசி பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு உயர்விலைக் கார்ட்ரிட்ஜ்களில் இருக்கும் கோட்டுத் தொடுகை ஊசிகள் பலவும் அந்த வழியில் வந்தவையே.

நீளமாகத் தொடுவதால் தேய்மானத்திலும் லாபம். கூம்பு ஊசி தட்டை 2 கிராம் விசையில் அழுத்தி ஓடும்போது அது சுவரைத் தொடும் இடம் சில பத்து சதுர மைக்ரான்தான். கணக்குப் போட்டால் அங்கே அழுத்தம் 3,000 வளிமண்டலத்துக்குப் பக்கம் வரும். வினைல் அமுங்கி மறுபடி நிமிர்வதால் தப்பிக்கிறது. தொடும் பரப்பு கூடினால் இந்த அழுத்தம் இறங்கும். ஆனால் இந்த ஊசிகளுக்குப் பொறுமை கிடையாது. கார்ட்ரிட்ஜைக் கொஞ்சம் திருப்பி மாட்டினாலும் இரண்டு சுவர்களையும் வெவ்வேறு நேரத்தில் படிக்கத் தொடங்கிவிடும். கூம்பு ஊசி உருண்டை என்பதால் அந்தப் பிழையை மன்னித்துவிடும்.

சரி, மோனோவுக்கு வருவோம். மோனோ பள்ளத்தில் இசை முழுவதும் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும் கீழுமாக ஊசி அசைந்தால் அது தூசி, கீறல், தேய்மானம், வேறில்லை. உண்மையான மோனோ கார்ட்ரிட்ஜ் அந்த அசைவுக்கு மின்சாரமே தராது. பழைய தட்டு திடீரென்று அமைதியாவதைக் கேட்டால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இதற்காகப் பணத்தை எடுப்பதற்கு முன் ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இடதையும் வலதையும் கூட்டினால் மேல்கீழ் அசைவின் மின்னழுத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பலனில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைத்துவிடும்.

மோனோ கார்ட்ரிட்ஜ் வாங்கியே ஆக வேண்டும் என்றால் எந்தக் காலத்துத் தட்டு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்டீரியோவுக்கு முந்தைய நெடுந்தட்டுகள் (எல்பி) 25 மைக்ரான் நுனி ஆரமுள்ள ஊசியை மனதில் வைத்து வெட்டப்பட்டவை. இன்றைய மோனோ மறுபதிப்புகளுக்கு 18 மைக்ரான் போதும். டென்மார்க்கின் ஆர்டோஃபோன் இரண்டு அளவிலும் விற்கிறது. மேல்கீழாக வளைந்து கொடுக்காத பழைய மோனோ கார்ட்ரிட்ஜை ஸ்டீரியோ தட்டில் வைத்துவிடாதீர்கள், பள்ளத்தை உழுதுவிடும்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகள் தனி உலகம். அவற்றின் பள்ளம் அகலமானது, 65 முதல் 75 மைக்ரான் ஊசி தேவை. நெடுந்தட்டு ஊசியை வைத்தால் அது சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் குப்பையைப் படித்துக்கொண்டு போகும். நாகஸ்வரமும் நாடகப் பாட்டுமாக நம் ஊர்ப் பழைய 78களைச் சேர்ப்பவர்கள், தட்டில் ஒன்றுமில்லை, இரைச்சல்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஊசியை மாற்றிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பதிவின்போது தாழ்சுருதியைக் குறைத்து உச்சத்தைக் கூட்டும் ஆர்ஐஏஏ சமன்பாட்டை அமெரிக்காவில் 1954-ல்தான் ஒழுங்குபடுத்தினார்கள். அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் பதிந்தது. ஆகவே 78-க்கு, கார்ட்ரிட்ஜின் சின்ன மின்னழுத்தத்தைப் பெருக்கி இந்தச் சமன்பாட்டை நேராக்கும் ஃபோனோ ஸ்டேஜிலும் மாற்றியமைக்கும் வசதி வேண்டும்.

இனி கை. விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜ் மோசமாகப் பாடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், கடைக்காரர்கள் அதிகம் பேசாததும் இதுதான். கான்டிலீவரைத் தாங்கும் ரப்பர் ஒரு ஸ்பிரிங். கையும் கார்ட்ரிட்ஜும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பாரம். லாரிக்கு ஸ்கூட்டர் ஸ்பிரிங்கைப் போட முடியாது, ஸ்கூட்டருக்கு லாரி ஸ்பிரிங்கையும் போட முடியாது. பாரமும் ஸ்பிரிங்கும் சேர்ந்தால் ஓர் ஒத்ததிர்வு உண்டு, அது எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. தட்டின் நெளிவுகள் பெரும்பாலும் 6 ஹெர்ட்ஸுக்குக் கீழே, இசை 20 ஹெர்ட்ஸுக்கு மேலே. இடையில் 8 முதல் 12 வரை விழுந்தால் இரண்டுக்கும் தொந்தரவில்லை.

கணக்கு இப்படி: கையின் பயனுறு நிறை (ஊசி முனையில் உணரப்படும் அதன் நிறை), கார்ட்ரிட்ஜ், திருகுகள் எல்லாவற்றையும் கிராமில் கூட்டுங்கள். அந்த ரப்பர் எவ்வளவு எளிதாக வளைகிறது என்று கார்ட்ரிட்ஜின் விவரத்தாளில் தரும் நெகிழ்வு எண்ணால் அதைப் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுங்கள். விடை ஹெர்ட்ஸில் வரும்.

டெனான் டிஎல்-103-ஐ எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனத்துக்காக 1960களில் உருவாக்கி, இன்றைக்கும் தயாரிப்பில் இருக்கும் எம்சி. எடை 8.5 கிராம். நெகிழ்வு 5 என்று தாளில் இருக்கும், ஆனால் ஜப்பானியர்கள் அதை 100 ஹெர்ட்ஸில் அளக்கிறார்கள். நமக்குத் தேவையான 10 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய இரு மடங்கு, 9 என்று வைத்துக்கொள்ளலாம். திருகுகளுக்கு ஒரு கிராம் சேர்த்து, 12 கிராம் கையில் மாட்டினால் ஒத்ததிர்வு 11.4 ஹெர்ட்ஸ், அருமை. 5 கிராம் இலேசான கையில் மாட்டினால் 14-ஐத் தொடும், தாழ்சுருதி தடுமாறும். மாறாக, 1970களின் பாணியில் நெகிழ்வு 30 உள்ள 6 கிராம் எம்எம்மை 25 கிராம் கனமான கையில் மாட்டினால் 5 ஹெர்ட்ஸ். தட்டின் ஒவ்வொரு நெளிவுக்கும் ஸ்பீக்கரின் கூம்பு உள்ளே வெளியே என்று பெருமூச்சு விடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதே கார்ட்ரிட்ஜ் 6 கிராம் கையில் 8 ஹெர்ட்ஸுக்கு வந்து சமர்த்தாகிவிடும். இரண்டு கைகள் வைத்திருப்பவர் ஒன்றைக் கனமாகவும் ஒன்றை இலேசாகவும் வைத்துக்கொண்டால்தான் தேர்வு விரியும். இரண்டுமே 12 கிராம் என்றால் ஒரே இன கார்ட்ரிட்ஜ்களையே சுற்றிச் சுற்றி வர வேண்டும்.

மின்சாரப் பக்கமும் பொருத்தம் கேட்கும். எம்எம்மின் சுருளுக்குத் தூண்டல்திறன் அதிகம், சுமார் அரை ஹென்றி. கேபிளின் மின்தேக்கத்தோடு அது சேர்ந்து உச்சஸ்தாயியில் ஒரு மேட்டை உண்டாக்கும். மொத்தம் 300 பிகோஃபாரட் என்றால் மேடு 13,000 ஹெர்ட்ஸில், 150 என்றால் 18,000-ல். கேபிள் மாற்றினால் ஒலி மாறுகிறது என்று சொல்பவர்களைக் கேலி செய்வது வழக்கம், இந்த ஓர் இடத்தில் அவர்கள் சொல்வது சரி. எம்சிக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, ஆனால் அதன் குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்த மின்மாற்றி வைப்பவர்களுக்கு வேறு ஒன்று உண்டு. 1:10 மின்மாற்றி வழியாகப் பார்த்தால் ஃபோனோ ஸ்டேஜின் 47,000 ஓம் உள்ளீடு 470 ஓம் ஆகத் தெரியும், 1:30 வழியாக வெறும் 52. உள்மின்தடை சில ஓம் மட்டுமே உள்ள ஆர்டோஃபோன் எஸ்பியூ என்ற எம்சி அந்த 52-ல் சந்தோஷமாக ஓடும். 40 ஓம் டிஎல்-103-ஐ அதில் இணைத்தால் மின்னழுத்தத்தில் பாதிக்குப் பக்கம் சுருளிலேயே தங்கிவிடும். மூன்று கைகளுக்கும் ஒரே மின்மாற்றி என்ற சிக்கனம் சரிப்படாது.

இதையெல்லாம் வைத்து என்னிடம் மூன்று கைகளுக்கு ஆலோசனை கேட்டால் இப்படிச் சொல்வேன். 78 வேகமும் உள்ள காரார்ட் 301 போன்ற பழைய இயந்திரத்தில் நீளமான கனக் கை. 3, 4 கிராம் விசை கேட்கும் எஸ்பியூவும், தலைப்பகுதியைக் கழற்றி மாட்டினால் மோனோவும் 78-ம் அதில்தான். நல்ல நிலையில் இருக்கும் ஸ்டீரியோ தட்டுகளுக்கு, பொறுமையாக ஒருமுறை சீரமைத்துவிட்டு அப்புறம் தொடாமல் விடும் ஒரு கையில் கோட்டுத் தொடுகை எம்சி. தனிக் கை வேண்டும் என்று சொல்வதே அந்தத் தொடாமைக்காகத்தான். மூன்றாவது, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மாதிரி ஒன்றில் ஊசி மாற்றக்கூடிய எம்எம். பழைய கடையில் வாங்கி வந்த தட்டு, விருந்தாளி கேட்கும் தட்டு, குழந்தைகள் கை வைக்கும் தட்டு எல்லாம் இங்கே. உண்மையில் அதிக நேரம் ஓடப்போவதும் இதுதான்.

தோரன்ஸ் டிடி 124-ன் ஆரம்பகாலப் பதிப்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் சுழல்தட்டு வார்ப்பிரும்பு. எம்சியின் வலுவான காந்தம் அதை நோக்கி இழுக்கப்படும், நீங்கள் வைத்த விசையைவிடக் கூடுதலாக ஊசி அழுந்தும். அங்கே எம்எம் வைப்பது உத்தமம்.

மூன்றையும் மாட்டிய பிறகு ஒப்பிட்டுக் கேட்க ஆசை வரும். 0.3 மில்லிவோல்ட்டும் 5 மில்லிவோல்ட்டும் ஒரே பெட்டிக்குள் நுழைந்தால் ஏதாவது ஒன்று சத்தமாகத்தான் கேட்கும், ஒரு டெசிபல் கூடுதலாகக் கேட்பதைக் காது 'தெளிவு' என்று தவறாக எண்ணிக்கொள்ளும். சோதனைத் தட்டின் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஒவ்வொரு கையிலும் ஓட்டி, ஃபோனோ ஸ்டேஜின் வெளியீட்டை மல்டிமீட்டரில் பார்த்து, எது எவ்வளவு கூடுதல் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கேட்கும்போது வால்யூமை அந்த அளவு குறைத்தால் போதும். விலையில் பல மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு கார்ட்ரிட்ஜ்களுக்கு இடையில் எவ்வளவு தூரம் என்பது அதற்கப்புறம்தான் தெரியும்.