ஒத்தி: ‘லீஸ்’ என்ற பெயருக்குள் மறைந்திருக்கும் சொல்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கங்களில் வீடு தேடுவோரிடம் தரகர் கேட்கும் முதற்கேள்வி, வாடகைக்கா ஒத்திக்கா என்பதே. ‘ஒற்றி’ என்னும் பழஞ்சொல், நெற்றி நெத்தியானது போலப் பேச்சில் ஒத்தியாயிற்று. கடன் கொடுத்தவர் கையிலேயே சொத்தை ஒப்படைத்து, கடன் தீரும்வரை அதன் பயனை அவரே நுகரவிடும் அடைமானம் என்பது இதன் பொருள். பத்திர எழுத்தர்கள் இதைப் ‘போக்கியம்’ என்பர். அது நுகர்தற்குரியது எனப் பொருள்படும் வடசொல். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் வகுக்கும் அடைமானங்களுள் இதுவும் ஒன்று.

வீட்டு ஒத்தியில், குடிவருபவர் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகையின்றிக் குடியிருந்து, தவணை முடிந்ததும் அத்தொகையை அப்படியே திரும்பப் பெறுகிறார். பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை, ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகிறது. இதைத்தான் நகரங்களில் ‘லீஸ்’ என்கிறார்கள். அப்பெயர் பொருத்தமன்று. சட்டத்தில் லீஸ் என்பது கைம்மாறு பெற்றுக்கொண்டு அனுபவ உரிமையைத் தருவது. அங்கே கடன் கிடையாது. ஒத்தியிலோ குடியிருப்பவர் கடன் கொடுத்தவர், வீட்டுக்காரர் கடன்பட்டவர். ஆகவே 100 ரூபாயும் அதற்கு மேலுமான ஒத்திக்கு, இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டுப் பதிவு செய்யப்பட்ட பத்திரம் வேண்டும். பதிவுச் செலவுக்கு அஞ்சி முத்திரைத்தாளில் ‘லீஸ் ஒப்பந்தம்’ என எழுதி முடித்துக்கொள்பவர், பின்னர் அவ்வீடு வங்கிக் கடனுக்காக ஏலத்துக்கு வந்தால், தம் பணத்துக்கு வீட்டின்மேல் பிடிப்பில்லாமல் நிற்க நேரும்.

வாடகையும் வடமொழி வழி வந்ததென்பர். வீட்டு வாடகைக்குத் தமிழில் ‘குடிக்கூலி’ என்ற அழகிய சொல் உண்டு. ஆயினும் கல்யாணப் பாத்திரத்துக்கும் வண்டிக்கும் குடிக்கூலி தர முடியாதாகையால், வாடகையை விலக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

குத்தகை, வருவாய் தரும் பொருளுக்கு உரியது: வயல், புளியமரம், கண்மாய் மீன். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய தொகையைத் தந்தாக வேண்டும். விளைச்சலைப் பங்கிட்டால் அது வாரம். செட்டிநாட்டுப் பெரிய வீட்டை விடுதி நடத்த ஆண்டுக்கணக்கில் எடுப்பதைக் குத்தகை என்றும், படப்பிடிப்புக்கு முகப்பையும் பட்டாலை எனும் கூடத்தையும் சில நாள் விடுவதை நாள் வாடகை என்றும் சொல்வதே சரி.

செட்டிநாட்டு வீடுகளை ஒத்திக்குப் பிடிப்பதில் மற்றொரு சிக்கலும் உண்டு. அறைகள் தனித்தனிப் பங்காகவும், முகப்பும் வளவு எனும் உள்முற்றப் பகுதியும் பொதுவாகவும் இருக்கும் வீட்டில், ஒரு பங்காளி தம் பங்கை மட்டுமே ஒத்தி வைக்க இயலும். வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களையே காட்டும். பங்காளிகள் தமக்குள் வாய்மொழியாகச் செய்துகொண்ட பிரிவினை அதில் வராது. முழு வீடும் வேண்டுமெனில், வெளிநாட்டில் இருப்பவர் உட்பட உரிமையுள்ள எல்லாப் பங்காளிகளும் நேரிலோ முகவர் அதிகாரப் பத்திரம் வழியாகவோ கையொப்பமிட வேண்டும்.