பழைய பெட்ரோல் பங்க் மனையில் வீடு கட்டலாமா?

அமெரிக்க நகரங்களின் நடுவே, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கும் மனைகள் உண்டு. விலை மலிவு. இருந்தும் வாங்க ஆளிருக்காது. ஒரு காலத்தில் அங்கே பெட்ரோல் பங்கோ, டிரை கிளீனிங் கடையோ, முலாம் பூசும் பட்டறையோ இருந்திருக்கும். மண்ணில் நஞ்சு கலந்திருக்கலாம் என்ற சந்தேகமுள்ள இத்தகைய நிலத்தை 'பிரவுன்ஃபீல்டு' என்கிறார்கள். நாடு முழுவதும் 4,50,000-க்கு மேல் இருக்கும் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு.

வாங்குபவர்களின் தயக்கத்துக்கு வேர் சட்டத்தில் இருந்தது. 1980-இல் வந்த சூப்பர்ஃபண்டு சட்டப்படி, நஞ்சைக் கொட்டியது யாராக இருந்தாலும் சுத்தம் செய்யும் செலவு இன்றைய உரிமையாளர் தலையிலும் விழும். 2002-இல் வந்த சட்டம் ஒரு வழியைத் திறந்தது: வாங்குவதற்கு முன்பே முறைப்படி விசாரித்து, அதன் பிறகும் விதிகளைக் கடைப்பிடிப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. அந்த விசாரணை இன்று ஒரு தனித் தொழில். கோடை விடுமுறையில் புவியியல், சிவில், சுற்றுச்சூழல் பொறியியல் மாணவர்கள் பலர் இன்டர்ன்களாகச் சேர்வது இந்த வேலையில்தான். நிலத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் எண்கள் பலவும் இவர்கள் நிரப்பும் 40 மில்லி குப்பிகளிலிருந்தே பிறக்கின்றன.

முதல் கட்டத்தில் மண்வெட்டிக்கு வேலை இல்லை. முழுக்கக் காகித வேலை. நிலம் முதன்முதலில் கட்டடம் கண்ட நாள் வரை, அல்லது 1940 வரை, இரண்டில் எது முந்தையதோ அதுவரை வரலாற்றைத் தோண்ட வேண்டும். இதில் தங்கச் சுரங்கம் என்றால் சான்போர்ன் நிறுவனம் தீக்காப்பீட்டுக்காக வரைந்த பழைய தெரு வரைபடங்கள்தான். செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பில், மரக் கட்டடம் மஞ்சளில் இருக்கும். பெட்ரோல் தொட்டி சிறு வட்டமாகக் குறிக்கப்பட்டிருக்கும். தீப்பிடிக்கக்கூடியது எது என்று காப்பீட்டுக்காரர் கவலைப்பட்டதால், நமக்கு இன்று நஞ்சு எங்கே என்று தெரிகிறது. அதன்பின் விமானப் படங்கள், பழைய முகவரிப் புத்தகங்கள், அரசுப் பதிவேடுகள், பக்கத்தில் நெடுநாள் குடியிருப்பவர்களிடம் விசாரிப்பு. பக்கத்து மனையையும் விடக்கூடாது. மேட்டுப் பக்கம் இருந்த டிரை கிளீனிங் கடையின் கரைப்பான் நிலத்தடி நீரோடு நம் மனைக்குள் வந்திருக்கலாம். முக்கியமான தேடல்கள் எல்லாம் கிரயத்துக்கு முந்தைய 180 நாளுக்குள் செய்தவையாக இருக்க வேண்டும். ஒரு தேதி பிசகினால் சட்டப் பாதுகாப்பே போய்விடும்.

சந்தேகம் உறுதியானால் இரண்டாம் கட்டம்: துளையிடல். அபாயக் கழிவு உள்ள இடத்தில் கால் வைக்கும் மாணவருக்குப் பொதுவாக 40 மணி நேரப் பாதுகாப்புப் பயிற்சியும், மேற்பார்வையில் 3 நாள் களப்பணியும் தேவை. துளையிடும் முன் 811 என்ற எண்ணுக்கு அழைத்து, நிலத்தடி எரிவாயு, மின் தடங்களைக் குறித்துத் தரச் சொல்ல வேண்டும். பிறகு இயந்திரம் இரும்புக் குழாயை மண்ணுக்குள் அடித்து இறக்கும். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறையில் மண் நீள உருளையாக வரும். அதை நீளவாக்கில் கிழித்து, எந்த அடியில் மணல், எந்த அடியில் களிமண், எங்கே நிறம் மாறுகிறது என்று எழுதிக்கொண்டே வர வேண்டும்.

கையில் ஒரு ஆவி அளவி இருக்கும். 10.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள அதன் புற ஊதா விளக்கு, மண்ணிலிருந்து வரும் ஆவியை அயனியாக்கி எண் காட்டும். பெட்ரோலில் உள்ள பென்சீனுக்கு 9.24 போதும் என்பதால் சிக்கிக்கொள்ளும். மீத்தேனுக்கு ஏறத்தாழ 12.6 தேவை, அது தப்பிவிடும். ஈரப்பதமான நாளில் கருவி உளறும். எந்த இடத்து மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று தேர்வு செய்யத்தான் இது. அதன் எண்ணை அறிக்கையில் முடிவாக எழுதுவது தவறு.

மண்ணைக் கரண்டியால் அள்ளி ஜாடியில் போட்டு மூடினால் பென்சீன் போன்றவை பறந்துவிடும். ஆய்வகம் 'இல்லை' என்று சொல்லும், நிலம் சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும். ஆகவே சிறு சிரிஞ்சு போன்ற குழாயை மண்ணில் குத்தி, 5 கிராம் அளவு எடுத்து, முன்பே எடை போட்ட குப்பியில் உள்ள மெத்தனாலுக்குள் உடனே தள்ள வேண்டும்.

நிலத்தடி நீர் இதைவிட நுணுக்கமானது. சல்லடை வெட்டுள்ள பிவிசி குழாயை இறக்கி, சுற்றிலும் மணல் கொட்டி, மேலே பென்டோனைட் களிமண்ணால் அடைத்துக் கண்காணிப்புக் கிணறு அமைப்பார்கள். சல்லடைப் பகுதி எந்த ஆழத்தில் என்பதில்தான் பல விசாரணைகள் சறுக்குகின்றன. பெட்ரோல் நீரின் மேல் மிதக்கும். சல்லடை முழுதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள்ளேயே வராது. டிரை கிளீனிங் கரைப்பானான பெர்குளோரோஎத்திலீன் நீரைவிட 1.6 மடங்கு அடர்த்தி. அது கீழே இறங்கிக் களிமண் அடுக்கின் மேல் தேங்கும். மேலே தேடினால் கிடைக்காது.

நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அறியக் குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும், அதுவும் ஒரே கோட்டில் அல்லாமல் முக்கோணமாக. சமதளத்தில் கிணற்றுக்குக் கிணறு நீர்மட்ட வேறுபாடு சில சென்டிமீட்டர்தான் இருக்கும். குழாயின் வாய் உயரத்தை அளந்ததில் அதே அளவு பிழை வந்தால் அம்புக்குறி எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும், குற்றம் பக்கத்து மனைக்காரர் மேல் விழும்.

நீர் எடுக்கும்போது வாளியால் மொண்டால் அடிச்சேறு கலங்கி, மண்துகளில் ஒட்டிய ஈயமும் எண்ணிக்கையில் சேரும். பம்ப்பை நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லி வேகத்தில் மெதுவாக ஓட்டி, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை அளவீடு குறிக்க வேண்டும். அமிலத்தன்மை (pH) 0.1 அலகு, மின்கடத்தல் 3 சதவீதம், கரைந்த ஆக்சிஜனும் கலங்கலும் 10 சதவீதம் என்ற எல்லைக்குள் அடுத்தடுத்து மூன்று முறை நின்றால்தான் கிணற்றுக்குள் தேங்கிய பழைய நீர் போய், நிலத்தின் நீர் வருகிறது என்று கொள்ளலாம். சலிப்பான வேலை. இங்கே பொறுமை இழந்தவரின் எண்ணை யாரும் காப்பாற்ற முடியாது.

குப்பியில் ஆய்வகம் முன்பே சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டிருக்கும். நுண்ணுயிர் பென்சீனைத் தின்றுவிடாமல் இருக்க. நீர் விளிம்புக்கு மேல் குவிந்து நிற்கும் வரை நிரப்பி, மூடி, தலைகீழாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பட்டாணி அளவுக் குமிழி தெரிந்தால் அந்தக் குப்பி செல்லாது, ஏனெனில் ஆவி அந்தக் குமிழிக்குள் போய்விடும். சுண்ணாம்புத்தன்மை மிக்க நீர் அமிலம் பட்டதும் சோடா போல நுரைக்கும்; அப்போது அமிலமில்லாக் குப்பியில் எடுத்து, 14 நாளுக்குப் பதில் 7 நாளுக்குள் சோதிக்க வேண்டும். ஐஸ் பெட்டி 6 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. ஆய்வகத்தில் நிரப்பிய தூய நீர்க்குப்பி ஒன்றும் கூடவே பயணம் செய்யும். அதில் பென்சீன் வந்தால், வழியில் எங்கோ கலந்திருக்கிறது. காலையில் வண்டிக்குப் பெட்ரோல் போட்ட அதே கையுறையே கூடக் காரணமாக இருக்கலாம்.

எண்கள் வந்ததும் அடுத்த கேள்வி: எவ்வளவு இருந்தால் சரி? இது முழுக்க வேதியியலின் பதில் அல்ல. அங்கே யார் இருக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் வீட்டு மண்ணில் ஈயத்துக்கான வழிகாட்டு அளவு கிலோவுக்கு 400 மில்லிகிராமாக நெடுங்காலம் இருந்து, 2024 ஜனவரியில் 200 ஆனது. அன்று வரை தேறிய பல முற்றங்கள் மறுநாள் தேறவில்லை. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை வளாகத்திலும் தகராறு இதுதான்: மண்ணில் பாதரசம் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற இலக்கு, சோலைக்காட்டு ஓரத்துக்குப் போதுமா?

சுத்தம் செய்வதில் நேரான வழி, தோண்டி லாரியில் ஏற்றுவது. ஆழத்தில் கரைப்பான் இருந்தால் அது முடியாது. பெர்குளோரோஎத்திலீனுக்கு நிலத்தடியிலேயே நுண்ணுயிரைக் கொண்டு வைத்தியம் உண்டு. தாவர எண்ணெய் போன்ற உணவைச் செலுத்தினால் ஆக்சிஜன் தீர்ந்து, நுண்ணுயிர்கள் அந்த மூலக்கூற்றிலிருந்து குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றும். முடிவில் எத்திலீன் மிஞ்சும். ஆனால் கடைசிப் படிகளுக்கு டீஹாலோகாக்காய்டிஸ் இனம் தேவை. அது போதாவிட்டால் வேலை வினைல் குளோரைடு என்ற இன்னொரு நஞ்சில் நின்றுவிடும். குடிநீரில் பெர்குளோரோஎத்திலீனுக்கு அனுமதி லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், வினைல் குளோரைடுக்கு 2. 'பழைய நஞ்சு குறைந்துவிட்டது' என்று மட்டும் அறிக்கை எழுதுபவர் பாதி உண்மையைத்தான் எழுதுகிறார்.

எல்லாவற்றையும் எடுக்க முடியாத மனைகள் பல. அங்கே தரைத் தளத்துக்கு அடியில் ஆவித்தடுப்புப் படலம் விரித்து, துளைக்குழாய் பதித்து, சிறு மின்விசிறியால் அடிக்காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடுவார்கள். தளத்துக்கு அடியில் காற்றழுத்தம் வீட்டைவிடச் சில பாஸ்கல் குறைந்தாலே போதும், ஆவி மேலே ஏறாது. குழாயில் U வடிவ அழுத்தமானி ஒன்று இருக்கும். அதன் இரு பக்கமும் திரவம் சமமாக நின்றால் விசிறி ஓடவில்லை என்று பொருள். அதைப் பார்த்துத் தேதியுடன் குறிப்பது, கிணறு தோண்டத் தடை என்று பத்திரத்தில் எழுதிய நிபந்தனை மீறப்படுகிறதா என்று சரிபார்ப்பது, இரண்டும் வீடு கட்டிக் குடியேறிய பின்னும் ஆண்டுதோறும் தொடர வேண்டிய வேலைகள்.