வடு: ‘ஸ்டிக்மா’வுக்கு ஏற்ற தமிழ்ச் சொல்

வட சென்னையின் வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ வளர்ந்த ஒருவர் வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறார். “எந்த ஏரியா?” என்று கேட்கிறார்கள். “பெரம்பூர் பக்கம்” என்கிறார். பொய் இல்லை, பெரம்பூர் பக்கம்தான். ஆனால் சொந்தப் பேட்டையின் பெயரை விழுங்கிவிட்டு அடுத்த பேட்டையின் பெயரைச் சொல்ல வைத்தது எது? அதற்குச் சமூகவியல் வைத்திருக்கும் பெயர் ஸ்டிக்மா. முதலாம் ஆண்டுப் பாடத்திலேயே வந்துவிடும் சொல் இது. தமிழில் எழுதுகிறவர்கள் களங்கம், இழுக்கு, சமூக இழிவு என்று பலவிதமாக எழுதுகிறார்கள். வடு என்பதே பொருத்தமான சொல் என்பது என் எண்ணம். காரணத்தைச் சொல்கிறேன்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் வேர்வினைக்குக் கூர்முனையால் குத்துதல் என்று பொருள். ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமையின் நெற்றியில் பச்சை குத்துவார்கள். அந்தக் குறிதான் ஸ்டிக்மா. பாடநூல்களில் ‘வெட்டியோ சுட்டோ உண்டாக்கிய அடையாளம்’ என்று இருக்கும். அது சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் எழுதியதை ஒட்டி வருவது. கிரேக்கரிடம் பச்சை குத்துவதே பெருவழக்கு என்று பின்னால் வந்த வரலாற்றாய்வாளர்கள் காட்டினார்கள். எந்த முறையானாலும், குறியைப் போட்டவர் ஒருவர், அதைச் சுமந்தவர் வேறொருவர். இந்த ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதே சொல் கிறித்தவ மரபில் இயேசுவின் திருக்காயங்களைக் குறித்தது. புனிதர்களின் உடலில் தோன்றியதாகச் சொல்லப்படும் அந்தக் காயங்கள் அங்கே பெருமைக்குரியவை. நம் மரபிலும் இப்படி உண்டு. வைணவர்கள் தோளில் சங்கு சக்கரம் சூடு போட்டுக்கொள்வார்கள். திருப்பல்லாண்டில் பெரியாழ்வார் அதைக் ‘கோயிற்பொறி’ என்கிறார். காய்ச்சிய இரும்பு ஒன்றுதான். யார் போடுகிறார்கள், பார்க்கிறவர்கள் அதை எப்படி வாசிக்கிறார்கள் என்பதில்தான் மேன்மையும் இழிவும் பிரிகின்றன. (பள்ளியில் பூவின் பாகங்களைப் படிக்கும்போதும் ஒரு ஸ்டிக்மா வரும். அதற்குச் சூலகமுடி என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இன்று நாம் பயன்படுத்தும் பொருளைத் தந்தது 1963இல் கோஃப்மன் ‘ஸ்டிக்மா’ என்ற தலைப்பில் எழுதிய நூல். உடற்குறை, நடத்தையில் குறை என்று கருதப்படுவது, இனம் – நாடு – மதம் வழியாக வருவது என்று மூன்று வகைகளை அவர் சொன்னார். வகைகளைவிட முக்கியமானது அவருடைய அடிப்படைக் கருத்து. ஸ்டிக்மா என்பது ஒருவரிடம் உள்ள பண்பு என்று நினைக்காதீர்கள், இருவருக்கு நடுவே உள்ள உறவில் அதைத் தேடுங்கள் என்றார். ‘இன்னா’ என்று பேசுவது காசிமேட்டுக் கடலோரத்தில் யாரையும் தாழ்த்துவதில்லை. அதே பேச்சு ஒரு கண்ணாடிக் கட்டட அலுவலகத்துக்குள் போனதும் குறையாகிவிடுகிறது. பேச்சு மாறவில்லை, கேட்கும் காது மாறியிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு தமிழ்ச் சொற்களைப் பார்ப்போம். களங்கம் என்பது வடமொழியிலிருந்து வந்தது, நிலவில் தெரியும் கறையைக் குறிப்பது. மறு என்பதும் அதுவே. இரண்டிலும் கறை நிலவிலேயே இருக்கிறது. களங்கம் என்று எழுதிய உடனே அழுக்கு அந்த மனிதரிடம் இருப்பதாகப் பொருளாகிவிடும். கோஃப்மன் மறுத்ததே அதைத்தான். இழுக்கு என்றால் வழுக்குதல், தவறுதல். தவறு செய்தவருக்குத்தான் இழுக்கு வரும். கொடுங்கையூரில் பிறந்த குழந்தை என்ன தவறு செய்தது?

வடு அப்படியில்லை. தானாக வடு வராது. காயம் பட்டிருக்க வேண்டும். காயம் என்றால் பட வைத்தது ஒன்று இருக்க வேண்டும். பழந்தமிழில் இந்தச் சொல்லுக்குத் தழும்பு, பழி என்ற இரண்டு பொருளும் உண்டு. வெறும் தழும்பு என்று எழுதினால் உடலோடு நின்றுவிடும். வள்ளுவர் தீயால் சுட்டதைப் புண் என்கிறார், நாவினால் சுட்டதை வடு என்கிறார். பார்வையாலும் பேச்சாலும் மனிதர் மேல் விழும் ஆறாத குறி என்பதைவிட ஸ்டிக்மாவுக்குச் சரியான விளக்கம் வேண்டுமா? வினையாகவும் மாற்றலாம்: வடுப்படுதல், வடுப்படுத்துதல். மாவடுவோடு குழம்பாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஊறுகாய்ப் பேச்சும் சமூகவியல் பேச்சும் ஒரே வரியில் வருவது அரிது.

சரி, ‘முத்திரை’ என்று சொன்னால் என்ன? அதே 1963இல் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் எழுதிய நூலோடு புகழ்பெற்ற இன்னொரு கோட்பாடு இருக்கிறது. அதை முத்திரை குத்துதல் என்று தமிழில் சொல்லி வருகிறோம். ஒருவரை ‘ரவுடி’ என்று அழைப்பது முத்திரை குத்தும் செயல். அதற்குப் பிறகு அவர் எங்கே போனாலும் கூடவே வருவது வடு. இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டால் தேர்வு விடைத்தாளிலும் குழப்பம் வராது.

கோஃப்மனின் மூன்று வகைகளில் விடுபட்டது இடம். லோயிக் வாக்கான் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் அதைச் சேர்த்தார். சிகாகோவின் கறுப்பினப் பகுதிகளையும் பாரிஸின் புறநகரான லா கூர்னவ்வையும் அவர் ஒப்பிட்டு ஆராய்ந்தார். முகவரியே மனிதர் மேல் குறியாக விழுகிறது, வறுமையோடும் இனத்தோடும் சேர்ந்து அது தனிச் சுமையாகிறது என்றார். இதை வட்டார வடு என்று சொல்லலாம்.

சென்னையில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே வடக்கில் கருப்பர் நகரம் என்று கிழக்கிந்தியக் கும்பெனிக் காலத்திலேயே பெயரில் பிரித்தார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. துறைமுகம், ஆலை, மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு, எண்ணூரில் அனல்மின் நிலையம் என்று நகரத்தின் பாரமான வேலைகள் எல்லாம் இங்கே, வட சென்னையில் நடந்தன. கொடுங்கையூரில் குப்பைக் கிடங்கு வந்தது. புகையையும் குப்பையையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அங்கே வாழ்கிறவர்களை அழுக்கானவர்கள் என்று சொல்வதுதான் வடுப்படுத்துதல்.

பாராட்டிலும் இது ஒளிந்திருக்கும். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டை காசிமா தங்கம் வென்றபோது, வட சென்னையிலிருந்து இப்படி ஒரு பெண்ணா என்ற வியப்பு எழுந்தது. 2008இலேயே வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன். அப்படியிருந்தும் வியப்பு தீரவில்லை என்றால், வியக்கிறவர்களின் மனத்தில் இந்த ஊரைப் பற்றி ஏற்கெனவே வேறொரு படம் இருக்கிறது.

கோஃப்மனின் துணைச்சொற்களில் இரண்டு இங்கே உதவும். ஒன்று, வடுவே இல்லாதவரைப் போல நடப்பது: மறைத்து நடத்தல். ‘பெரம்பூர் பக்கம்’ அதுதான். மற்றொன்று, எல்லோருக்கும் தெரிந்துவிட்ட வடுவை உறுத்தாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு அடக்கி வாசித்தல் என்ற நம் வழக்கு அப்படியே பொருந்துகிறது. ‘இன்னா’வை ‘என்ன’ ஆக்கிக்கொண்டு பேசுகிறவர் அடக்கி வாசிக்கிறார்.

2001இல் புரூஸ் லிங்க், ஜோ ஃபெலன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: அதிகாரம். வட சென்னைக்காரர்களான நாங்களும் தென் சென்னைக்காரர்களைச் ‘சீன் பார்ட்டி’ என்கிறோம். ஆனால் அந்தப் பேச்சால் அவர்களுக்கு வாடகை வீடு கிடைக்காமல் போவதில்லை, வேலை போவதில்லை. பட்டப்பெயர் இருவரிடமும் உண்டு, வடு ஒரு பக்கத்தில்தான் விழுகிறது. இதனால்தான் பெயர் மாற்றம் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் சில சமூகங்களில் பிறப்பதையே குற்றமாக்கியது. சென்னை மாகாணத்தில் 1947இல் அதை நீக்கினார்கள். அப்புறம் அந்த மக்களுக்குச் ‘சீர்மரபினர்’ என்ற அருமையான பெயர் வந்தது. மாற்றுத்திறனாளி, திருநங்கை என்ற பெயர்களும் அப்படி வந்தவை. அவை வேண்டும், மிக வேண்டும். கூடவே வீடும் வேலையும் கிடைக்கும் வழி திறக்க வேண்டும்.

இதை ஆராய என்ன முறைகள்? 1925இல் போகார்டஸ் என்ற சமூகவியலாளர் உருவாக்கிய சமூகத் தூர அளவுகோல் பழையது: இன்னாரை உறவினராக, அண்டை வீட்டாராக, உடன் வேலை செய்பவராக ஏற்பீர்களா என்று படிப்படியாகக் கேட்பது. இதில் ஒரு சிக்கல், எல்லோரும் நல்லவர்களாகவே பதில் சொல்வார்கள். அதைவிட உறுதியானது விண்ணப்பச் சோதனை. 2007இல் வெளியான ஆய்வில் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற ஆய்வாளர்கள் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றி நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைந்தது. பெயருக்குப் பதில் முகவரியை மாற்றினால், அடையாறு ஒன்று வியாசர்பாடி ஒன்று என்று, வட்டார வடுவையும் அளக்கலாம்.

ஆழ்நேர்காணல் செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒன்று: “உங்களை யாராவது தாழ்வாக நடத்தினார்களா?” என்று தொடங்காதீர்கள். “இல்லையே” என்று அடக்கி வாசித்துவிடுவார்கள். “வீடு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். ஆட்டோக்காரர் கேட்டால் என்ன, வங்கியில் கேட்டால் என்ன, பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால் என்ன என்று ஒவ்வொன்றாக. பதில் எந்த இடத்தில் மாறுகிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.