ஷார்ப் பென்சில் – உந்துகரிக்கோல்

நம் ஊர் ஸ்டேஷனரி கடையில் 'பென் பென்சில்', 'மைக்ரோ டிப்' என்று கேட்டு வாங்குகிற பொருளுக்கு ஜப்பானில் 'ஷார்ப் பென்சில்' என்று பெயர். பேச்சில் அதையும் நறுக்கி 'ஷாப்பென்' என்பார்கள். ஆங்கிலச் சொல்தானே என்று லண்டன் கடையில் போய்க் கேட்டால், கூராகச் சீவிய மரப் பென்சிலை எடுத்து நீட்டுவார்கள். அங்கே இதற்கு 'புரொப்பெல்லிங் பென்சில்', அமெரிக்காவில் 'மெக்கானிக்கல் பென்சில்'.

அப்படியானால் 'ஷார்ப்' எங்கிருந்து வந்தது? டோக்கியோவில் உலோகப் பட்டறை வைத்திருந்த தோகுஜி ஹயகாவா, 1915-இல் திருகினால் முனை வெளியே வரும் பென்சில் ஒன்றைச் செய்தார். முதலில் வைத்த பெயர் 'ஹயகாவா குரிதாஷி எம்பிட்சு'. குரிதாஷி என்றால் உள்ளிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது. உள்ளூர் வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை: உலோகம் கையில் சில்லென்றிருக்கிறது, கிமோனோவுக்குப் பொருந்தவில்லை என்றார்களாம். வெளிநாட்டு ஆர்டர்கள்தான் கைகொடுத்தன. அப்புறம் வைத்த பெயர் 'எவர் ரெடி ஷார்ப் பென்சில்'. காலப்போக்கில் 'எவர் ரெடி' உதிர்ந்துவிட்டது.

1923 நிலநடுக்கத்தில் ஹயகாவா மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் தொழிற்சாலையையும் இழந்தார். கடனுக்காகப் பென்சில் காப்புரிமையைக் கொடுத்துவிட்டு, ஒசாகாவுக்குப் போய் ரேடியோ செய்ய ஆரம்பித்தார். அந்த ரேடியோ நிறுவனத்தின் டிவி மேல் இருக்கும் 'ஷார்ப்' என்ற பெயர் இந்தப் பென்சிலின் மிச்சம்தான்.

உண்மையில் இந்தப் பென்சில் அவ்வளவு கூர் இல்லை. ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்: முனை உளிபோல ஒரு பக்கமாகத் தேய்ந்து, எழுத்து தடித்துவிடும். மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் (கார் மிட்சுபிஷிக்கும் இதற்கும் உறவில்லை) 2008-இல் விட்ட 'குரு தோகா' இதைச் சரிசெய்தது. முனை தாளைத் தொட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு பல்சக்கரம் அதைத் துளி திருப்புவதால், நாலா பக்கமும் சமமாகத் தேய்ந்து கூம்பாகவே நிற்கும். 'ஷார்ப்' என்ற பெயர் அன்றுதான் மெய்யானது என்பேன்.

சரி, 'பென்சில்'? லத்தீனில் 'பெனிசில்லுஸ்' என்றால் சிறு தூரிகை. பெனிசிலின் பூஞ்சைக்கும் அந்தத் தூரிகை வடிவத்தால்தான் பெயர். ஜப்பானிய 'எம்பிட்சு' எழுத்துக்கு எழுத்து 'ஈயத் தூரிகை'. உள்ளே ஈயமே கிடையாது. பென்சில் முனையை 'லெட்' (ஈயம்) என்று சொல்லி ஆங்கிலம் செய்த அதே தப்பு. இருப்பது கிராஃபைட், அதாவது கரி. ஷாப்பென்னில் போடுவது இன்னும் சுத்தமான கரி: மரப் பென்சிலில் கிராஃபைட்டோடு கலக்கும் களிமண்ணுக்குப் பதிலாக, 1960-இல் பென்டெல் நிறுவனம் பிசினைக் கலந்து சுட்டது. அதனால்தான் அரை மில்லிமீட்டர் கம்பியும் பொட்டென்று ஒடியாமல் எழுதுகிறது.

தமிழில் பென்சிலுக்குக் 'கரிக்கோல்' என்ற சொல் இருக்கிறது. மூன்று மொழிகளில் நாம்தான் சரியாகச் சொல்லியிருக்கிறோம்! அதன் முன்னால் 'இயந்திர' சேர்த்தால் மோட்டார் ஓடுவதுபோல இருக்கிறது. 'சொடுக்கு' என்றால் திருகும் வகை விட்டுப்போகும். பழைய 'குரிதாஷி' வழியில் 'உந்துகரிக்கோல்' என்பது என் தேர்வு. 'லெட்' டப்பாவுக்குக் 'கரி டப்பா' போதும்.

கடைக்காரரிடம் மட்டும் இப்போதைக்கு 'மைக்ரோ டிப்' என்றுதான் கேட்கிறேன்.