ராட்சத சாலமாண்டர் ஏன் ஆடுகிறது?

விலங்குக்காட்சிசாலைத் தொட்டி ஒன்றில் எடுத்த காணொளியை அனுப்பி, "இந்த ராட்சத சாலமாண்டர் கிடந்த இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கிறதே, குஷியா, உடம்பு சரியில்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அது மூச்சு வாங்குகிறது. அந்த ஆட்டம் புரிந்தால் இவ்விலங்கை வளர்ப்பதில் உள்ள முக்கால்வாசிச் சிக்கல் புரிந்துவிடும்.

ராட்சத சாலமாண்டர்கள் தவளையின் உறவுக்காரர்கள். இருவாழ்விகள் என்றாலும் ஆயுள் முழுவதும் தண்ணீரிலேயே கழிப்பவை. ஜப்பானில் உள்ளது சுமார் ஒன்றரை மீட்டர் வரை வளரும், சீனத்தில் உள்ளது 1.8 மீட்டர் வரை. வட அமெரிக்காவின் ஹெல்பெண்டர் முக்கால் மீட்டரைத் தாண்டாது. மூன்றுக்கும் வீடு ஒன்றுதான்: குளிர்ந்த, வேகமாக ஓடும், பெரிய கற்கள் கிடக்கும் ஆறு.

நுரையீரல் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மிதவைப் பைதான். ஹெல்பெண்டர் எடுக்கும் ஆக்சிஜனில் 90 சதவீதத்துக்கு மேல் தோல் வழியாகவே வருகிறது. கழுத்திலிருந்து பின்னங்கால் வரை இரு விலாவிலும் கொசுவம் வைத்த துணிபோலத் தோல் மடிந்து தொங்குவதைப் பாருங்கள். பரப்பைக் கூட்டுவதற்கான ஏற்பாடு அது. அந்த மடிப்புகளுக்குள் இரத்தத் தந்துகிகள் தோலின் மேலடுக்குக்குள்ளேயே ஏறி வந்து, தண்ணீருக்கு ஒருசில செல்கள் தூரத்தில் நிற்கின்றன.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உண்டு. 10 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் அதிகபட்சம் 8 மில்லிலிட்டர்தான். அந்த 8-ம் சுலபமாக நகராது. விரவல் முறையில் ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். எந்தப் பொருளின் மேலும் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் உண்டு. சாலமாண்டரின் தோல் அந்தப் படலத்திலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். வெளியிலிருந்து புது ஆக்சிஜன் வருவதற்குள் படலத்தில் இருந்தது தீர்ந்துபோகும். ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் விலங்குக்கு மூச்சு முட்டும். ஆற்றில் இந்தத் தொல்லை இல்லை, ஓட்டமே படலத்தைத் தேய்த்து மெலிதாக்கிவிடும். ஓட்டம் குறைந்த தொட்டியில் அந்த வேலையை விலங்கே செய்ய வேண்டும். உடலை ஆட்டினால் மடிப்புகள் அலைபோல அசையும், பழைய படலம் கழன்று புதிய நீர் வந்து ஒட்டும். காணொளியில் தெரிவது அதுதான். எப்போதாவது ஆடினால் கவலை வேண்டாம். ஓயாமல் ஆடினாலோ, அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கினாலோ, முதலில் நீரோட்டத்தையும் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும்.

வெப்பநிலை இரண்டு பக்கமும் அடிக்கும். காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீர் 10 டிகிரியில் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 20-ல் 9.1, 25-ல் 8.3. அதே நேரம் 10 டிகிரி ஏறினால் உடலின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். வரவு குறையும்போது செலவு ஏறுகிறது. அதனால்தான் தொட்டியை எப்போதும் 20 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க ஒரு சில்லரும் (நீரைக் குளிர்விக்கும் கருவி), அது பழுதானால் ஓட இன்னொன்றும் தேவை. இரண்டும் நின்றுவிட்டால் ஐஸ்கட்டியை நேராகத் தண்ணீரில் போடக்கூடாது, அது உருகும்போது குழாய்நீரின் குளோரினும் கலந்துவிடும். மூடிய பாட்டில்களில் உறையவைத்த நீரை மிதக்கவிட்டு மெல்லக் குளிர்விக்க வேண்டும். காற்றுப் பம்புக்கு பேட்டரி இணைப்பு இருப்பது நல்லது.

ஆக்சிஜன் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு காற்றை அழுத்தவும் கூடாது. பம்பின் உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் ஊசித்துளை விழுந்தால் காற்று உள்ளே போய், அழுத்தத்தில் அளவுக்கு மீறி நீரில் கரையும். அந்த நீரில் கிடக்கும் விலங்கின் இரத்தத்திலும் திசுவிலும் அது குமிழிகளாக வெளிவரும். சில்லென்ற குழாய்நீரை நேரே தொட்டியில் விட்டாலும், அது வெதுவெதுப்பாகும்போது இதே கதைதான். தொட்டிச் சுவரெங்கும் முத்துமுத்தாகக் குமிழி ஒட்டியிருந்தால் அதுவே எச்சரிக்கை. புதுநீரைத் தனித் தொட்டியில் நன்றாகக் கலக்கி, காற்றாட வைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

ஆக்சிஜனுக்கு வழிவிடும் தோல் நஞ்சுக்கும் வழிவிடும். குளோரினைச் சோடியம் தயோசல்பேட் போக்கிவிடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்த நீர் என்றால் அது உடைந்தபின் அம்மோனியா மிஞ்சும், அதை வடிகட்டியில் வாழும் பாக்டீரியாதான் தனியாகக் கையாள வேண்டும். அந்தப் பாக்டீரியா குளிரில் மெதுவாகவே பெருகும் என்பதால், விலங்கு வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வடிகட்டியை ஓட்டிப் பழக்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வந்ததை உறுதிசெய்ய வேண்டும். செப்புக் குழாய் அறவே ஆகாது. விலங்கைத் தொடுவதென்றால் பவுடர் இல்லாத நைட்ரில் கையுறையை நீரில் அலசிவிட்டுத்தான்.

இரையை அது உறிஞ்சிப் பிடிக்கிறது. வாயை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் திறந்ததும் நீரோடு மீனும் உள்ளே போய்விடும். கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தை மட்டும் தாழ்த்தி, பக்கவாட்டில் வரும் இரையையும் இழுக்க முடியும். அப்படி இழுக்கும்போது சிறு கூழாங்கல் இருந்தால் அதுவும் போய்க் குடலை அடைக்கும். எனவே அடித்தளத்தில் விலங்கின் தலையைவிடப் பெரிய, வழுவழுப்பான கற்கள் மட்டுமே. மீனையே, அதிலும் ஒரே வகை உறைமீனையே கொடுத்துவந்தால் சில மீன்களில் உள்ள தயாமினேஸ் நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். மண்புழு, நன்னீர் நண்டு என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். வளர்ந்த விலங்குக்கு வாரம் ஓரிரு முறை, இருட்டியபின், போதும்.

1726-ல் சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் ஷொய்க்ட்சர் இவற்றின் அழிந்துபோன உறவினம் ஒன்றின் புதைபடிவத்தை நோவாவின் வெள்ளத்தில் மூழ்கிய மனிதன் என்று அறிவித்தார். 1811-ல் பிரெஞ்சு உடற்கூறியலாளர் குவியேதான் அது சாலமாண்டர் என்று காட்டினார். நம்பிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு எலும்பைப் பார்த்ததன் விளைவு அது. இன்று வேறொரு நம்பிக்கை வருத்துகிறது: குட்டிகளை ஆற்றில் விட்டுவிட்டால் இனம் பிழைத்துவிடும் என்பது. குட்டிகளை விடும் விழாவுக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு பங்காவது அந்த ஆற்றின் ஆக்சிஜனையும் வண்டலையும் ஆண்டு முழுவதும் அளக்கக் கிடைக்க வேண்டும். வண்டல் படிந்து கல்லிடுக்குகள் அடைந்த ஆற்றில் விட்ட குட்டி எங்கே ஒளியும்?

ஹிரோஷிமாவின் ஆசா விலங்குக்காட்சிசாலை 1979-ல் ஜப்பானிய இனத்தைத் தன் வளாகத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. பெண் சாலமாண்டர் கரையோரப் பொந்தில் நூற்றுக்கணக்கான முட்டைகளை மணிமாலைபோல இட்டுவிட்டுப் போய்விடும். பொந்தைக் காப்பது ஆண்தான். வாலால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும்; முட்டையின் கூழ்உறை மேலும் அதே நீர்ப்படலம்தான் ஒட்டியிருக்கிறது, உள்ளே கருவும் அதே மூச்சுக்குத்தான் காத்திருக்கிறது. கெட்டுப்போன முட்டைகளை அது தின்றும் விடும், பூஞ்சை பரவாமல் இருக்க. முட்டைகளைத் தட்டில் வைத்துப் பொரிக்க முயலும் ஊழியர்கள் இந்த இரண்டு வேலையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்: முட்டை உருளாத அளவுக்கு மெல்லிய நீரோட்டம் இரவும் பகலும், வெளுத்த முட்டையை அகன்ற வாய்ப் பிப்பெட்டால் அன்றன்றே எடுத்துவிடுவது. பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேலாகலாம்.