பக்கத்தில் உட்காரக் கூடாத பிள்ளைகள்

வாலிநோக்கம் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "புள்ளைய கொஞ்சுறப்பல்லாம் உதட்டுல உப்புக் கரிச்சுச்சு. உப்பளத்து ஊருதானே, காத்துல வந்து ஒட்டுன உப்புன்னு விட்டுட்டேன்." பையனுக்கு ஓயாத இருமல், தேறாத உடம்பு. வீசிங் என்றார்கள், காசநோய் என்றார்கள். கடைசியில்தான் வியர்வையைச் சோதித்து சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் என்று கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் ஒருநாள், வெளியூர் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு வரிசையில், அதே நோயுள்ள இன்னொரு பையனும் அவன் அம்மாவும் வந்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கஷ்டம் புரிந்த ஒரு ஆளைப் பார்த்த சந்தோஷத்தில் இவர் பக்கத்தில் போய் உட்கார, நர்ஸ் ஓடி வந்து பையன்களைப் பிரித்து ஆளுக்கொரு அறைக்கு அனுப்பிவிட்டார். "ஒதுக்கி வச்ச மாதிரி இருந்துச்சு" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. நர்ஸ் செய்தது சரிதான். ஆனால் ஏன் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

உப்பிலிருந்தே தொடங்கலாம். பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்ச மடை இருப்பதுபோல, நம் செல்களின் சுவரில், உப்பின் ஒரு பாதியான குளோரைடு போய்வர ஒரு மடை உண்டு. சி.எஃப்.டி.ஆர். என்ற புரதம்தான் அது. அதற்கான மரபணுவை 1989-இல் கண்டுபிடித்தார்கள். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் நோய் வரும். ஒரு பிரதி மட்டும் பழுதாக உள்ள பெற்றோருக்கு இந்த நோய் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வியர்வை தோலுக்கு வருமுன் அதிலுள்ள உப்பை உடம்பு இந்த மடை வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மடை அடைத்திருந்தால் உப்பு அப்படியே வெளியே வந்துவிடும். வியர்வையில் லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் குளோரைடு இருந்தால் இந்த நோயாகத்தான் இருக்கும் என்று கொள்கிறார்கள். 1948-இல் நியூயார்க்கில் அடித்த கடும் வெயிலில் இந்தக் குழந்தைகள் பலர் சுருண்டு விழுந்ததுதான் வியர்வையைக் கவனிக்க வைத்தது. நம்மூர் வெயிலிலும் அந்த ஆபத்து உண்டு. எவ்வளவு உப்பு கூடுதலாகக் கொடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே தீர வேண்டும்.

நுரையீரலில் வேலை தலைகீழ். அங்கே குளோரைடு வெளியே வர, அதன் பின்னால் தண்ணீரும் வந்து மூச்சுக்குழாயின் உட்பரப்பை ஈரமாக வைக்கும். அந்த ஈரத்தில் சளி வழுக்கிக்கொண்டு போகும், நுண்மயிர்கள் அதை மேலே தள்ளிவிடும். மடை திறக்காவிட்டால் ஈரம் வற்றி, சளி பசைபோல ஒட்டிக்கொள்ளும். பாம்பனில் கருவாட்டுக்கு மீனைக் கீறி உப்புத் தடவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் நீர் கசிந்து நிற்குமே, அந்தத் தத்துவத்தைத்தான் வைத்தியத்திலும் பயன்படுத்துகிறார்கள். 7 சதவீத உப்புநீரை நெபுலைசரில் (மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கும் கருவி) இழுத்தால், அந்த உப்பு திசுவிலிருந்து தண்ணீரை இழுத்துவந்து சளியை இளக்கும். ஆஸ்திரேலியாவில் அலைச்சறுக்கு ஆடும் நோயாளிகளுக்கு மூச்சு நன்றாக இருந்ததைக் கவனித்துத்தான் இதில் ஆர்வம் கூடியது. ஆய்வு முடிவுகள் 2006-இல் வந்தன.

சரி, ஒட்டி நிற்கும் சளியில் என்ன நடக்கிறது? கிருமி குடியேறுகிறது. மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாகத் திரியும் சூடோமோனாஸ், பர்க்ஹோல்டேரியா போன்றவைதான். பர்க்ஹோல்டேரியா செபாசியாவை 1950-இல் அழுகின வெங்காயத்தில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள். நல்ல நுரையீரலுக்கு இவற்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கெட்டிச் சளிக்குள் போனால் பல வருஷம் தங்கிவிடும். கொடுத்த மருந்தையெல்லாம் தாங்கப் பழகி, தன்னைச் சுற்றிப் பசைப்படலம் கட்டிக்கொண்டு, அந்த நுரையீரலுக்கென்றே தேறிவிடும்.

ஆபத்து இங்கேதான். மண்ணிலிருந்து வரும் கிருமி பழக்கமில்லாத புது ஆள். இன்னொரு நோயாளியின் இருமலில் வருவதோ ஏற்கெனவே தேறின ஆள். வட அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளுக்காகவே கோடை முகாம்கள் நடந்தன. ஒன்றாக விளையாடினார்கள், ஒரே கூடாரத்தில் தூங்கினார்கள். பிறகு கிருமியின் மரபணுவை ஒப்பிட்டபோது ஒரே வகைக் கிருமி ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவியது தெரிந்தது. பிரிட்டனிலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே பழகியதாலேயே பரவியது என்று 1993-இல் ஆய்வு வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். அன்புக்காக நடத்தின முகாம்களை மூட வேண்டியதாயிற்று. இதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

இரண்டு நோயாளிகளுக்கு நடுவே குறைந்தது ஆறு அடி வேண்டும் என்பது அமெரிக்காவின் 2013 வழிகாட்டுதல். இருமலில் வரும் நுண்துளிகளில் சூடோமோனாஸ் நான்கு மீட்டர் தூரத்திலும், 45 நிமிஷம் கழித்தும் உயிரோடிருந்ததை ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் மூடின அறைக்குள் ஆறு அடிகூடப் போதாது.

"கடற்கரையில, காத்தோட்டமா உக்காரலாமே?" என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. காற்று துளிகளைக் கலைத்துவிடும், உண்மைதான். ஆனால் பிள்ளைகள் ஒரே பந்தைத் தொடுவார்கள், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிப்பார்கள், ஒரு செல்போனில் நாலு தலை குனியும். வெளியிலும் அந்த ஆறு அடி வேண்டும் என்பது அதனால்தான். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு நோய் இருந்தால் பிரிக்க முடியாது. அங்கே நெபுலைசரையும் பல் பிரஷையுமாவது தனித்தனியாக வைக்க வேண்டும்.

அப்படியானால், ஒரே நோயுள்ளவர்கள் ஆலோசகரோடு கூடி உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசும் குழு சிகிச்சை? அது தேவையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒன்பது நாடுகளில் நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், இந்த நோயுள்ள பெரியவர்களில் 19 சதவீதம் பேருக்கும், தாய்மாரில் 37 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. மனம் சோர்ந்தால் மருந்தும் பயிற்சியும் விட்டுப்போகும், விட்டால் நுரையீரல் கெடும்.

வழி வீடியோ அழைப்புதான். மனநல ஆலோசகர் ஒருவர், ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகள் ஆறேழு பேர், வாரத்தில் ஒருநாள், ஒரே நேரம். வீடு சின்னது என்றால் காதில் ஹெட்போன். பேசினது வெளியே போகக் கூடாது. வகுப்பில் இருமும்போது எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சொல்லும், ஆலோசகர் உடனே பதில் சொல்லாமல், "வேற யாருக்கு இப்படி ஆச்சு?" என்று கேட்பார். நாலு கை உயரும். நெபுலைசர் போடச் சொல்லி டாக்டர் சொன்னால் அது கட்டளையாகத்தான் விழும். "நானும் விட்டுட்டேன், அப்புறம் திணறுச்சு" என்று இன்னொரு பிள்ளை சொன்னால் அது வேறு மாதிரி காதில் ஏறும். குழுவில் ஒருவர் இறந்துபோனால் அதையும் மறைக்காமல் பேச ஆலோசகர் தயாராக இருக்க வேண்டும். இங்கே மாவட்டத்துக்கே ஒன்றிரண்டு பிள்ளைகள்தான் தெரியவருகிறார்கள் என்றால், நேரில் கூட்டவும் வழியில்லை. திரையே தோது.

தாய்மார் கதை வேறு. அவர்களுக்கு நோய் இல்லை என்று முன்னால் சொன்னேனே. கையைக் கழுவிக்கொண்டு, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, அவர்கள் நேரில் கூடலாம், தோள் சேர்த்து உட்காரலாம். இதை ஆஸ்பத்திரிகள் அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா இப்போது மற்ற அம்மாவோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டு வீட்டிலும் நெபுலைசர் ஓடும், செல்போன் சொம்பில் சாய்ந்து நிற்கும். மோட்டார் இரைச்சலில் பேச்சு சரியாகக் கேட்காது. நான் போயிருந்த அன்று மருந்து முடிந்ததும் பையன் முகமூடியைக் கழற்றிவிட்டு, சோற்றுக்கு முன்னால் போடும் செரிமான மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டித் திரைக்கு நேரே நீட்டினான். "எனக்கு மூணு. ஒனக்கு?"

அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு உள்ளங்கை நீண்டது.