வேகம் வருவதற்கு முன்னால் வலி வந்துவிடுகிறது: ஹார்ட் ராக் ரிதம் பழகும் கைகள்

நான் பிசியோதெரபிஸ்ட். கை வலி என்று கிட்டார் வாசிப்பவர் யாராவது வந்தால், அடுத்த தடவை கிட்டாரையும் எடுத்துக்கொண்டு வாங்க என்று சொல்லிவிடுவேன். வெறும் கையைப் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

அப்படி வந்த ஒரு பையனுக்கு 19 வயது. வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கையின் மேல்பக்கத்தில் வலி. மேடை ஏற இரண்டு வாரம் இருக்கையில், தினமும் அரை மணி நேரமாக இருந்த பயிற்சியை ஒரே தாவலில் மூன்று மணி நேரமாக்கியிருக்கிறான் (என்னிடம் வருகிற கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும்). ரிஃப்பை (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) வாசிக்கச் சொல்லிவிட்டு, வலிக்கிற இடத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். கட்டை மாதிரி இருந்தது. சரி, பாதி வேகத்தில் வாசி என்றேன், அப்போதும் கட்டைதான். தோள் காதுப் பக்கம் ஏறியிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், மூச்சே விடவில்லை. கம்பியை மீட்டும் சின்னத் தகடான பிக்கை வாங்கிப் பார்த்தால், அதன் ஓரம் பதிந்து ஆள்காட்டி விரலில் ஒரு வெள்ளைக் கோடு.

அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் நிமிடத்துக்கு 200 பீட், ஒரு பீட்டுக்கு இரண்டு அடி, எல்லாமே டவுன் ஸ்ட்ரோக், அதாவது மேலிருந்து கீழே அடிப்பது மட்டும். நிமிடத்துக்கு 400. நான்கு நிமிடப் பாட்டுக்கு 1,600, ஒரு நாளில் பத்து தடவை ஒத்திகை பார்த்தால் 16,000. அடித்த கை ஒவ்வொரு முறையும் மேலே திரும்பியும் வந்தாக வேண்டும். இறக்குகிற தசை வேலை செய்யும்போது தூக்குகிற தசை விட்டுக்கொடுத்தால்தான் இது நடக்கும். இரண்டும் சேர்ந்து இறுகிக்கொண்டால் வடம் இழுக்கும் போட்டி மாதிரிதான், கயிறு நகராது, ஆட்கள் மட்டும் களைத்துப் போவார்கள். முடியாத வேலை என்று சொல்லவில்லை. ராமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் ராக் குழுவின் கிட்டார்காரர் ஜானி ரமோன் டவுன் ஸ்ட்ரோக்கை வைத்தே பெயர் வாங்கியவர். ஆனால் அந்த வேகத்தில் அடிப்பவர்களின் கையைக் கவனியுங்கள், பிக் கம்பியைத் தாண்டிப் போகும் தூரம் மிகக் கொஞ்சம்.

நிறையப் பேர் ஓங்கி அடித்தால்தான் கனமாகக் கேட்கும் என்று நினைக்கிறார்கள். டிஸ்டார்ஷன் (கரகரப்பு) ஏற்றிய ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) ஒரு அளவுக்கு மேல் சத்தத்தை வெட்டிச் சமமாக்கிவிடும், அதற்குமேல் நீங்கள் இரண்டு மடங்கு பலமாக அடித்தாலும் வெளியே வருவதில் பெரிய வித்தியாசம் இருக்காது. கூடுதலாகக் கிடைப்பது சுருதி ஏறிய ஒரு நோட்டும் ஒரு வலியும்தான். உள்ளங்கையால் கம்பிச் சத்தத்தை மட்டுப்படுத்தும் பாம் மியூட்டும் அப்படியே. உள்ளங்கை ஓரம், கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிமேல் படிந்து கிடந்தால் போதும், அழுத்த வேண்டாம். டிரம்ஸ் சத்தத்தில் உங்கள் கிட்டார் உங்களுக்கே கேட்காமல்தான் ஓங்கி அடிக்கிறீர்கள் என்றால், ஆம்பைக் காது உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். காதுக்கு இயர்பிளக்கும் போடுங்கள், அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இடது கைக்கு ஒரு சின்னப் பரிசோதனை. பவர் கார்டை (இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அடிக்கும் கனமான பிடி) பிடித்து அடித்துக்கொண்டே அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கம்பி கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு துளி கூட்டினால் அதுதான் தேவையான அழுத்தம். முதல் தடவை எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள், அவ்வளவு குறைவு. அப்புறம் கிட்டாரைத் தோளில் மாட்டும் ஸ்ட்ராப். முழங்கால் வரை தொங்கும் கிட்டார் பார்க்க ஜோர்தான், ஆனால் மணிக்கட்டை அந்த அளவு மடக்கி வைத்தால் உள்ளே போகும் நரம்பு நெருக்கப்படும்.

பயிற்சிக்கு நான் சொல்வது: இரண்டு பார் (தாளச் சுற்று) வாசித்தால் இரண்டு பார் கையைத் தொங்கப்போட்டுச் சும்மா இருங்கள். சுத்தமாக வந்தால் மெட்ரோனோமை நான்கு புள்ளி ஏற்றுங்கள், முன்கை கல்லாகிவிட்டால் எட்டு இறக்குங்கள். மொத்த நேரத்தையும் வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும்.

வாசித்து முடித்து சில நிமிடத்தில் போய்விடுகிற அசதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மறுநாள் காலையிலும் இருக்கும் வலி, ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்துவது, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் மரத்துப்போவது, ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது, இவை வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி வலித்தால் டி குவெர்வெய்ன் பிரச்சினையாக (கட்டைவிரல் தசைநாண்களின் உறை தடித்துப்போவது) இருக்கலாம். ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ஒருவர் 1895-இல் விவரித்தது, எலக்ட்ரிக் கிட்டார் வருவதற்கு முன்பே. ஆகவே பழியை முழுக்க ஹார்ட் ராக் மேல் போட முடியாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஒத்திகைக்குப் போவதை மட்டும் செய்யாதீர்கள், எச்சரிக்கை மணியை அமுக்கிவிட்டு வாசிப்பதுதான் அது.

அந்தப் பையன் அந்த மேடையில் ஏறவில்லை, எனக்கும் வருத்தம்தான். ஆறு வாரம் கழித்து கிட்டாரோடு வந்து மெட்ரோனோம் 168-இல் முழுப் பாட்டையும் வாசித்தான், முன்கையைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. ஆனால் நடுவில் இரண்டு தடவை பிக் கையிலிருந்து நழுவி விழுந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டான். விழட்டும், இன்னும் நாலு பிக் வாங்கி வைத்துக்கொள் என்றேன்.